தென்சென்னைப் புறநகரில் எச்.ஐ.வி. சிகிச்சையும் பெண்களின் பாலியல் நலமும் (1986–2021): ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகச் சென்னையில் 1986-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. கண்டறியப்பட்டது காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தில் ஆகும். அன்று தொடங்கி இன்றுவரை இத்தொற்றுக்கான சிகிச்சை வரலாற்றில் பெண் மூன்று வடிவங்களில் பதிவாகியுள்ளாள்: நோயைப் பரப்புபவள், கணவனிடமிருந்து நோயைப் பெற்ற மனைவி, குழந்தைக்கு நோயைக் கடத்தக்கூடிய தாய். இம்மூன்றிலும் அவள் பிறர் ஒருவரை முன்னிட்டே மருத்துவத்தின் பார்வைக்கு வருகின்றாள். தன் உடலுக்காகவும் தன் பாலியல் நலத்துக்காகவும் சிகிச்சை வேண்டும் ஒருத்தியாக அவள் இடம்பெற்றது காலம் கடந்தே என்பதைத் தாம்பரம் சானடோரியத்தை மையமாகக் கொண்டும், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளைக் கருத்திற்கொண்டும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., தாம்பரம் சானடோரியம், கூட்டு மருந்துச் சிகிச்சை, பாலியல் நலம், பெரும்பாக்கம், மருத்துவ வரலாறு.

முன்னுரை

எச்.ஐ.வி. குறித்துத் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் விழிப்புணர்வு, தடுப்பு, களங்கம் ஆகிய தலைப்புகளுள் அடங்கிவிடுகின்றன. சிகிச்சைக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த மருந்து யாருக்கு முதலில், எந்தக் காரணம் காட்டி வழங்கப்பட்டது என்பதில் ஒரு சமூகம் தன் மாந்தரை வரிசைப்படுத்தும் முறை வெளிப்படுகின்றது. அவ்வரிசையில் பெண் எங்கு நின்றாள் என்பதே இக்கட்டுரையின் வினா.

பாலியல் நலம் என்னும் தொடர் இங்கு நோயின்மை என்ற குறுகிய பொருளில் ஆளப்படவில்லை. உடல், உள்ளம், சமூக உறவு ஆகியவற்றில் பாலுணர்வு சார்ந்த நன்னிலை என்றே உலகச் சுகாதார நிறுவனம் அதனை விளக்குகின்றது. அச்சமும் வற்புறுத்தலும் இன்றி உறவு கொள்ளுதல், வேண்டாதபோது மறுத்தல், கருத்தரிப்பைத் தானே முடிவுசெய்தல், கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றிலிருந்து காப்புப் பெறுதல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். கட்டுரையின் இடஎல்லை தாம்பரமும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் ஆகும். ஒப்பீட்டுக்குப் பிறநாட்டு நிகழ்வுகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சொல்லும் சட்டமும்: முன்வரலாறு

எச்.ஐ.வி. தமிழகத்துக்கு வருமுன்னரே பால்வினை நோய்க்கெனச் சொற்களும் சட்டங்களும் இங்கு இருந்தன. மேகம், வெட்டை, கிரந்தி ஆகியன மருத்துவ வழக்கில் இருந்த பெயர்கள். பேச்சு வழக்கிலோ 'பொம்பளைச் சீக்கு' என்னும் பெயர் நிலைத்தது. ஆணின் உடலில் தோன்றும் புண்ணுக்கும் அப்பெயரே வழங்கியது. நோய் யார் உடலில் இருப்பினும் அதன் பிறப்பிடம் பெண் என்ற கருத்து அச்சொல்லிலேயே உறைந்துள்ளது.

காலனிய அரசு இக்கருத்தைச் சட்டமாக்கியது. 1868-ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்கள் பதிவுசெய்துகொள்ளவும், உடற்பரிசோதனைக்கு உட்படவும், நோய் இருப்பின் 'லாக் மருத்துவமனை' எனப்பட்ட அடைப்பு மருத்துவமனையில் தங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். படைவீரரின் உடல்நலம் காப்பதே நோக்கம். பரிசோதனைச் சுமை முழுதும் பெண் மீது விழுந்தது. கடும் எதிர்ப்புக்குப்பின் 1888-இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் பெண்ணை அடைத்துவைத்துப் பரிசோதிக்கும் வழக்கம் வேறு வடிவில் தொடர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் 1986-இல் திருத்தப்பட்டபோது, மீட்கப்படும் பெண்களுக்குப் பால்வினை நோய் உள்ளதா எனப் பரிசோதிக்க அது இடமளித்தது.

1986: காப்பகத்துப் பெண்கள்

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் குறித்து ஆராயுமாறு கூறினார். அமெரிக்காவில் இந்நோய் ஆண்களிடையே பேசப்பட்ட காலம் அது. தன்பாலின ஈர்ப்புடைய ஆண்கள் வெளிப்படையாக வாழாத சென்னையில், ஆய்வுக்கு எளிதில் கிடைத்தவர்கள் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களே. அவர்களிடமிருந்து பெறப்பட்ட இரத்த மாதிரிகளுள் ஆறில் தொற்று இருப்பது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தெரியவந்தது. பின்னர் அமெரிக்காவிலும் அது உறுதிசெய்யப்பட்டது. அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் இச்செய்தியை அறிவித்தார்.

இக்கண்டுபிடிப்பின் அறிவியல் மதிப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இரத்த வங்கிகளில் பரிசோதனை தொடங்கவும், தொற்று இந்நாட்டில் இல்லை என்ற எண்ணம் கலையவும் அதுவே காரணம். எனினும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன் விளக்கம் அளித்து இசைவு பெறும் நெறி அந்நாளில் வகுக்கப்பட்டிருக்கவில்லை. கண்டறிந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. அவ்வாறு பெண்களும் எண்ணிக்கையாக மட்டுமே உள்ளனர். அவர்களுக்கு அளிக்க அன்று சிகிச்சை ஏதும் இல்லை. காப்பகத்தில் அடைபட்டிருந்ததால்தான் அவர்கள் பரிசோதனைக்குக் கிடைத்தார்கள். பரிசோதனையில் தொற்றுத் தெரிந்ததால் அப்பிரிவுப் பெண்கள் அனைவரும் தொற்றின் ஊற்றாகக் கருதப்பட்டனர். இச்சுழற்சியின் விளைவு விரைவில் வெளிப்பட்டது.

1990-இல் மும்பையிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு தமிழ்ப் பெண்கள் மீட்கப்பட்டுத் தொடர்வண்டியில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். தொற்றுள்ளவர்கள் எனக் காப்பகங்களில் பெண்கள் வைக்கப்பட்டிருந்த நிலையை எதிர்த்துப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். அவ்வழக்கின் பயனாகப் பெண்கள் விடுதலை பெற்றனர். தொற்றுள்ளோரைக் கட்டாயமாகப் பரிசோதிக்கவும் ஒதுக்கிவைக்கவும் வழிசெய்த 1989-ஆம் ஆண்டின் எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் எதிர்ப்பினால் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. 1888-இல் நீக்கப்பட்ட சட்டத்தின் நிழல் நூறாண்டு கழித்தும் நீண்டிருந்தது என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

சானடோரியம்: ஒதுக்கிடமும் புகலிடமும்

மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோயாளர்க்கான சானடோரியத்தைத் தொடங்கினார். தூய காற்று, ஓய்வு, ஊட்டம் ஆகியவையே காசநோய்க்கு மருந்தாக இருந்த காலம் அது. நகரின் நெருக்கடியிலிருந்து விலகிய, மலையடிவார நிலம் அதற்கு ஏற்றதாகக் கருதப்பட்டது. 1937-இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை எனப்படுகின்றது. நோயாளர்க்கு நலம் தரும் இடமாகவும் நகரத்தாரிடமிருந்து நோயைத் தள்ளிவைக்கும் இடமாகவும் ஒருசேர விளங்கிய நிறுவனம் இது.

1990-களில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் பலரும் இங்கு வந்து சேர்ந்ததற்கு மருத்துவக் காரணம் உண்டு. எதிர்ப்பாற்றல் குன்றியவரை முதலில் தாக்கும் நோய்களுள் காசநோய் தலையாயது. சமூகக் காரணமும் உண்டு: பிற மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கிய நோயாளர்க்கு இதன் கதவு திறந்திருந்தது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளர் வந்தனர். நாட்டின் மிகப்பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களுள் ஒன்றாக இது வளர்ந்தது.

வைரசைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் கிடைக்காத அக்காலத்தில், இங்குப் பணியாற்றிய மருத்துவர் செ. நெ. தெய்வநாயகம் இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளை நோயாளர்க்கு வழங்கினார். கூட்டு மருந்துக்கு மாற்றாக இவை நிறுவப்படவில்லை. ஆயினும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருப்பியனுப்பப்பட்டவர்களுக்கு உணவும் படுக்கையும் மருந்தும் கிடைத்த இடம் என்ற வகையில் சானடோரியத்தின் இக்காலகட்டம் தனித்து நோக்கத்தக்கது. 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இவ்வளாகத்தை ஒட்டியே அமைந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

மனைவி என்னும் நிலை

சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த 134 பெண்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். கணவர் ஒருவருடன் மட்டுமே உறவுகொண்டவர்கள். அவ்வுறவே அவர்களுக்கிருந்த ஒரே தொற்று வாயில். 1997-இல் புனேயிலிருந்து வெளியான ஆய்வும் மணமான பெண்களிடையே தொற்றுப் பரவுவதை எடுத்துக்காட்டியிருந்தது. திருமணம் காப்பு என்ற நம்பிக்கையை இவ்வாய்வுகள் தகர்த்தன.

ஆனால் இவ்வுண்மை வெளிப்பட்ட முறையில் ஒரு சிக்கல் எழுந்தது. குற்றமற்ற மனைவி என்னும் படிமம் உருவாகிய அளவில், காப்பகத்துப் பெண் மேலும் குற்றமுடையவள் ஆனாள். இரக்கத்துக்கு உரியவள், உரியவளல்லாதவள் என்ற பகுப்பு ஒழுக்க அளவுகோலால் செய்யப்பட்டது. இருவருக்கும் தேவைப்பட்ட மருந்து ஒன்றே என்பது பின்னுக்குச் சென்றது.

தடுப்புப் பரப்புரை ஆணை நோக்கியே அமைந்தது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் உருவாயிற்று. அதனையடுத்துத் தரமணியில் உள்ள தன்னார்வ சுகாதார சேவை நிறுவனத்தின் வழியே தடுப்புத் திட்டம் ஒன்றும் நடைபெற்றது. 2003-ஐ ஒட்டித் தமிழகச் சுவர்களை நிறைத்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்னும் வினா பலரும் அறிந்தது. புள்ளிராஜா ஓர் ஆண். ஆபத்தை நோக்கிச் செல்பவனும் அவனே, எச்சரிக்கப்படுபவனும் அவனே. அவன் வீடு திரும்பியபின் அங்கிருப்பவளுக்கு என்ன வழி என்பது அப்பரப்புரையின் வினாவாக இருக்கவில்லை.

அரசு மையங்களின் பெயர்களும் கருதத்தக்கவை. எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை நடைபெறும் இடம் 'நம்பிக்கை மையம்' எனவும், பால்வினை நோய்ச் சிகிச்சை இடம் 'சுகவாழ்வு மையம்' எனவும் பெயர்பெற்றன. களங்கத்தைத் தவிர்த்து நோயாளரை உள்ளே வரவைக்கும் நல்ல பெயர்கள் இவை. அதே வேளையில், பாலியல் என்னும் சொல்லை வாசலிலேயே விலக்கிய பெயர்களும் ஆகும்.

தாய் என்னும் தகுதி

தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று கடத்தப்படும் வாய்ப்பு, தடுப்பு ஏதும் இல்லாதபோது 15 முதல் 45 விழுக்காடு வரை ஆகும். பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரையும் பிறந்த குழந்தைக்கு ஒருமுறை அதே மருந்தும் அளித்தால் கடத்தல் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதை 1999-இல் உகாண்டா ஆய்வு காட்டியது. இந்தியாவில் இத்திட்டம் 2002 முதல் விரிவடைந்தது. மகப்பேற்றுப் பரிசோதனைக்கு வரும் பெண்கள் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பப்பட்டனர்.

ஒற்றை மாத்திரை குழந்தையைக் காத்தது. தாயின் நோயை அது தீர்க்கவில்லை. மேலும், ஒரு மருந்தை ஒருமுறை மட்டும் உட்கொள்வதால் வைரசு அம்மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறக்கூடும். பின்னாளில் அவள் சிகிச்சைக்கு வரும்போது முதல் வரிசை மருந்துகளுள் ஒன்று பயனற்றுப்போகும் ஆபத்து இதில் இருந்தது. தாய்சேய் நலத்தில் தாய் எங்கே என்று ஆலன் ரோசன்ஃபீல்ட், டெபோரா மெய்ன் ஆகியோர் 1985-இல் 'லான்செட்' இதழில் எழுப்பிய வினாவை, ரோசன்ஃபீல்ட் 2001-இல் எச்.ஐ.வி. தடுப்பை நோக்கி மீண்டும் எழுப்பியதன் காரணம் இதுவே.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் அவற்றுள் ஒன்று. இந்திய நிறுவனமான சிப்லா 2001-இல் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் மும்மருந்துக் கூட்டினை அளிக்க முன்வந்ததும், நோயாளர் அமைப்புகளின் தொடர்ந்த கோரிக்கையும் இதற்கு வழிவகுத்தன. இத்திட்டத்தின் முன்னுரிமைப் பட்டியல் நம் ஆய்வுக்கு முதன்மைச் சான்று. தாய்சேய்த் தடுப்புத் திட்டத்தில் பங்கேற்ற தாய்மார், 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள், அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை நாடும் எய்ட்ஸ் நோயாளர் என்பதே அவ்வரிசை. பெண் தாயாக இருந்தால் முதலிடம் பெற்றாள். குழந்தையற்றவள், மணமாகாதவள், கைம்பெண், பாலியல் தொழிலாளி ஆகியோர் நோய் முற்றியபின் பொதுப் பிரிவில் இடம்பெற்றனர்.

இவ்வேறுபாடு பிற்காலத்திலும் நீடித்தது. 2014 முதல் தொற்றுள்ள கருவுற்ற பெண்கள் அனைவருக்கும், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும், வாழ்நாள் முழுதும் கூட்டு மருந்து என்று முடிவாயிற்று. கருவுறாதவளோ தன் சி.டி.4 எண்ணிக்கை வரையறைக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். 2004-இல் 200 ஆக இருந்த அவ்வரையறை, பின்னர் 350 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. ஒரே தெருவில் வாழும் இரு பெண்களுக்கு ஒரே எண்ணிக்கை இருந்தாலும், வயிற்றில் கருவுள்ளவளுக்கு உடனே மருந்து கிடைத்தது. மற்றவள் நோய் வளரக் காத்திருந்தாள். 2017-இல் 'அனைவருக்கும் சிகிச்சை' என்னும் கொள்கை வந்தபின்னரே இவ்வேற்றுமை நீங்கியது.

தாய்மை வழியே சிகிச்சைக்குள் வந்தமையால் எண்ணற்ற பெண்கள் உயிர் பிழைத்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை. தன் உடலைப் பற்றிக் கேட்க வாய்ப்பில்லாத பெண்ணுக்கு மகப்பேற்றுப் பிரிவே முதல் மருத்துவ வாயிலாக இருந்தது. இக்கட்டுரை அத்திட்டத்தின் பயனை மறுக்கவில்லை. அவ்வாயில் ஒன்றே பெண்ணுக்கெனத் திறந்திருந்ததையே சுட்டுகின்றது.

மாத்திரையும் உடலும்

தொடக்கக் காலக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகியன இருந்தன. ஸ்டாவுடின் நெடுநாள் உண்போரின் கன்னமும் கைகால்களும் கொழுப்பிழந்து ஒடுங்கும். முகத்தோற்றமே நோயை வெளியே காட்டிக்கொடுக்கும் நிலை, தன் தொற்றை மறைத்து வாழும் பெண்ணுக்குப் பெருஞ்சுமை. நெவிரபினால் கல்லீரல் கேடு ஏற்படும் வாய்ப்பு, சி.டி.4 எண்ணிக்கை 250-க்கு மேலுள்ள பெண்களிடம் மிகுதி. காசநோய்க்கு வழங்கப்படும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்துகளான நெவிரபின், எஃபாவிரென்ஸ் ஆகியன கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கக்கூடியவை. காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒருசேர வந்து சேரும் தாம்பரம் போன்ற மருத்துவமனையில் இது ஏட்டளவான செய்தியன்று. கருத்தடை பற்றிக் கேட்காமல் மருந்தெழுதினால் விரும்பாத கருத்தரிப்பில் முடியக்கூடியது.

எஃபாவிரென்ஸ் கருவுக்கு ஊறு செய்யும் என்ற அச்சம் 2012-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் அறிவுரையைத் திருத்தும்வரை நீடித்தது. 2018-இல் போட்சுவானா ஆய்வொன்றின் இடைக்கால முடிவை ஒட்டி, டோலுடெக்ராவிர் என்னும் சிறந்த மருந்தும் கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களுக்கு எச்சரிக்கையுடனேயே பரிந்துரைக்கப்பட்டது. சில நாடுகளில் கருத்தரிக்க எண்ணமில்லாத பெண்களுக்கும் அது மறுக்கப்பட்டது. தங்கள் உடல் பற்றிய இடர்ப்பாட்டை எடைபோடும் உரிமை தங்களுக்கே உண்டு என ஆப்பிரிக்கப் பெண்கள் அதே ஆண்டு கிகாலியில் கூடி வலியுறுத்தினர். மேலும் தரவுகள் வந்தபின் 2019-இல் அப்பரிந்துரை மாற்றப்பட்டது. பிறக்கக்கூடும் என்ற குழந்தையை முன்னிட்டு, இருக்கும் பெண்ணின் மருந்து தீர்மானிக்கப்பட்டது என்பதில் 2002-க்கும் 2018-க்கும் இடையே வேறுபாடு குறைவே.

பாலியல் நலம்: விடுபட்டவை

முதலாவது, கருத்தடை. தமிழகத்தில் கருத்தடை என்பது பெரும்பாலும் பெண்ணின் அறுவைச் சிகிச்சையே ஆகும். மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதனை நாடியுள்ளனர். ஆணுறை பயன்பாடு மிகக் குறைவு. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட மனைவி ஆணுறை வேண்டும் என்று கேட்கும்போது அதற்குக் கருத்தடை என்னும் காரணத்தைக் கூறவியலாது. எஞ்சுவது நோய் அல்லது ஐயம். ஆகவே, மாநிலத்தின் குடும்பநல வெற்றி, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண் தன்னையும் துணையையும் காத்துக்கொள்வதற்கான பேச்சுவார்த்தையைக் கடினமாக்கியது எனலாம். தொற்றுள்ள கருவுற்ற பெண்ணுக்கு, அவள் விளக்கம் பெற்று இசையாமல் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்யலாகாது என 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தெளிவாக விதிக்க நேர்ந்தமையும் இங்குக் கருதத்தக்கது. அச்சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது, கருப்பை வாய்ப் புற்றுநோய். எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனைய பெண்களினும் ஆறு மடங்கு என உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகின்றது. பெண்களின் போராட்டத்துக்குப்பின் 1993-இலேயே அமெரிக்காவின் எய்ட்ஸ் வரையறையில் இப்புற்றுநோய் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் அமிலக் கரைசல் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய பரிசோதனை 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. எனினும் கூட்டு மருந்து மையம் ஒரு நிர்வாகத்தின் கீழும், இப்பரிசோதனை வேறொரு நிர்வாகத்தின் கீழும் அமைந்தன. மாதந்தோறும் மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் பெண், ஆறு மடங்கு ஆபத்துள்ள நோய்க்கான பரிசோதனைக்கு வேறொரு நாளில் வேறொரு வாசலைத் தேட வேண்டியவளானாள்.

மூன்றாவது, உறவும் விருப்பும். தொடர்ந்து மருந்துண்டு வைரசின் அளவு கண்டறிய இயலாத நிலையை அடைந்தவரிடமிருந்து துணைக்குத் தொற்று பரவாது என்பது இன்று உறுதிப்பட்ட அறிவு. இதற்கு அடித்தளமிட்ட பன்னாட்டு ஆய்வு 1763 இணையரிடம் நடைபெற்றது; ஆய்வு நடந்த இடங்களுள் சென்னையும் ஒன்று. உடனே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவல் 96 விழுக்காடு குறையும் என 2011-இல் அது அறிவித்தது. ஆனால் தன் இரத்தத்தில் வைரசு எவ்வளவு என்று அறிந்தால்தான் அச்சமின்மை கிட்டும். அனைத்து நோயாளர்க்கும் வைரசு அளவுப் பரிசோதனை என்னும் திட்டம் இந்தியாவில் 2018-இல்தான் தொடங்கியது. தான் எவருக்கும் ஆபத்தல்லள் என்ற அறிவு, அதனை நிலைநாட்ட உதவிய நகரத்தின் பெண்களுக்கே ஏழாண்டு தாமதமாகவே எட்டத் தொடங்கியது.

நான்காவது, முதுமை. 2004-இல் 25 வயதில் மருந்து தொடங்கியவள் இன்று நாற்பதுகளின் நடுவில் இருக்கின்றாள். மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்வு, உறவில் வலி ஆகியன இனி அவளுடைய வினாக்கள். தாய் என்னும் தகுதியால் திட்டத்துக்குள் வந்தவள் அத்தகுதிக் காலம் கடந்தபின் எப்பிரிவில் அடங்குவாள் என்பதற்கு ஏற்பாடுகள் இன்னும் முழுமை பெறவில்லை.

பெண்களின் அமைப்பும் அதன் மொழியும்

இவ்விடைவெளிகளை முதலில் பெயரிட்டவர்கள் தொற்றுடன் வாழும் பெண்களே. பன்னாட்டளவில் 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் அவர்களின் அமைப்புத் தோன்றியது. இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளோருக்கான தேசிய அமைப்பு 1997-இல் சென்னையில் உருவானதைத் தொடர்ந்து, பி. கௌசல்யா 1998-இல் பதினெட்டுப் பெண்களுடன் பெண்களுக்கெனத் தனி அமைப்பை இந்நகரிலேயே தொடங்கினார். பொது அமைப்பில் இடமிருந்தும் தனி அமைப்புத் தேவைப்பட்டது ஏன் என்பது எண்ணத்தக்கது. கணவனின் மருத்துவத்துக்கு நகைகளை இழந்து, அவன் இறந்தபின் புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, சொத்துரிமையும் குழந்தையின் பள்ளி இடமும் ஒருங்கே கேள்விக்குள்ளான பெண்ணின் சிக்கல் மாத்திரையோடு முடிவதன்று.

உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் பாலியல், இனப்பெருக்க நலன் குறித்து வெளியிட்ட வழிகாட்டுதலின் பின்புலத்தில், 94 நாடுகளைச் சேர்ந்த 832 பெண்களின் கருத்தாய்வு இருந்தது. அதனை வடிவமைத்து நடத்தியவர்களும் தொற்றுடன் வாழும் பெண்களே. 1986-இல் எண்ணிக்கையாக இருந்தவர்கள் 2017-இல் வழிகாட்டுதலுக்கு அடிப்படை வகுத்தவர்களாயினர். முப்பதாண்டு வரலாற்றின் முதன்மையான மாற்றம் இதுவேயாகும்.

பெரும்பாக்கம்: தொலைவின் இருமுகம்

பெரும்பாக்கத்தைத் தமிழாய்வாளர் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் அமைந்த இடமாக அறிவர். நகரின் உட்பகுதிக் குடிசைகளிலிருந்து, சிறப்பாக 2015 வெள்ளத்துக்குப்பின் ஆற்றோரங்களிலிருந்து, அகற்றப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மறுகுடியமர்த்தப்பட்ட இடமும் அதுவே. கண்ணகி நகர், செம்மஞ்சேரி ஆகியன இவ்வரிசையில் முந்தியவை. 1928-இல் நோயாளர் தெற்கே அனுப்பப்பட்டனர். இருபத்தோராம் நூற்றாண்டில் ஏழைகள் தெற்கே அனுப்பப்பட்டனர். இருவரையும் நோயால் இணைப்பது தவறு. இப்பகுதியில் தொற்று மிகுதி என்று கருதவும் சான்றில்லை. நகர் தான் வேண்டாதவற்றைத் தள்ளிவைக்கும் திசை ஒன்றாக இருப்பதே இங்குச் சுட்டப்படுகின்றது.

இடப்பெயர்வு சிகிச்சையைத் தொடும் இடம் எளிமையானது. கூட்டு மருந்து நாள் தவறாது உண்ண வேண்டியது; மாத்திரை பெற மையத்துக்குச் செல்ல வேண்டும். பழைய வீட்டுக்கு அருகில் இருந்த மையத்தில் பதிந்த பெண், குடிபெயர்ந்தபின் பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் இழக்கின்றாள். வீட்டு வேலை செய்பவளாயின் விடுப்புக்குக் காரணம் கூற வேண்டும். வேறு மையத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ள விதிகளில் வழியுண்டு. ஆயினும் அருகிலுள்ள மையம் என்பது அண்டை வீட்டார் கண்ணில் படும் மையமும் ஆகும். தொலைவு அவளுக்குச் சுமை, அதுவே மறைப்பும். மையத்தை அருகில் கொண்டுவருவது மட்டும் தீர்வாகாது என்பது இதனாற் பெறப்படும். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பல மாதத்துக்குரிய மாத்திரைகளை ஒருசேர வழங்கும் முறை பரவியது. அது பயணத்தைக் குறைத்தது. ஆனால் ஓரறை வீட்டில் மூன்று புட்டிகளை எங்கு வைப்பது என்ற வினாவையும் எழுப்பியது. ஆலோசகரிடம் தனித்துப் பேசக் கிடைத்த மாதாந்திர வாய்ப்பும் அதனால் அருகியது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, தென்சென்னைப் பகுதியின் எச்.ஐ.வி. சிகிச்சை வரலாறு மருந்தின் வருகையால் மட்டும் வடிவம் பெறவில்லை. லாக் மருத்துவமனைக் காலத்துச் சட்டமரபும், மணவாழ்வு பற்றிய ஒழுக்க அளவுகோலும், தாய்மைக்குத் தரப்பட்ட முதன்மையும் அதனை வடிவமைத்தன.

இரண்டு, 2017-இல் அனைவருக்கும் சிகிச்சை என்ற நிலை எய்தப்பட்டபோதுதான் பெண், தாயாகவோ மனைவியாகவோ இராமலும், தன் பொருட்டே மருந்துக்கு உரியவளானாள். உயிர்காப்பில் நிகழ்ந்த இம்மாற்றம் பாலியல் நலத்தில் இன்னும் நிகழவில்லை.

மூன்று, அம்மாற்றத்துக்குப் புதிய மருந்து தேவையில்லை. மாத்திரை வழங்கும் நாளிலேயே கருப்பை வாய்ப் பரிசோதனையும், கருத்தடை ஆலோசனையும், வைரசு அளவு முடிவின் பொருளை விளக்கும் உரையாடலும் அதே வளாகத்தில் நிகழ வேண்டும். காசநோயையும் எச்.ஐ.வி.யையும் ஒரே கூரையின்கீழ் நோக்கிய அனுபவம் தாம்பரத்துக்கு முன்னரே உண்டு. அதே கூரையின்கீழ் பெண்ணின் முழு உடலையும் நோக்குவது அவ்வனுபவத்தின் தொடர்ச்சியே ஆகும்.

நான்கு, பதிவேடுகளில் பெண்கள் எண்களாகவே எஞ்சுவதால், சிகிச்சையின் முதல் இருபதாண்டைக் கண்ட பெண்களின் வாய்மொழி வரலாற்றைத் தமிழில், அவர்தம் இசைவோடும் பெயர்காப்போடும் தொகுப்பது உடனடித் தேவை. அத்தலைமுறை இன்று முதுமையை நெருங்குகின்றது. அப்பணி தாமதிக்குமானால், தமிழகத்தின் அண்மைக்கால மருத்துவ வரலாற்றின் முதன்மைச் சான்றாளர்கள் பதிவின்றி மறைவர்.